அடுத்த வீட்டு எண்

எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வரும். லாரி வரும் நாளில் குடங்களை வீட்டு வரிசைப்படி வைப்போம். தெரு முனையில் மேஸ்திரி வீட்டுக் குடம், அடுத்து அவருக்குப் பக்கத்து வீட்டுக் குடம், அப்படியே முகத்துவாரம் பக்கம் கடைசி வீடு வரைக்கும் போகும். யார் முதலில் வந்தாலும் குடத்தின் இடம் மாறாது. இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கல்யாணமாகி வந்தபோதே இப்படித்தான் இருந்தது. எதற்கு வரிசையில் நிற்கச் சொன்னாலும் எங்கள் ஆட்கள் கால் தானாக அந்த இடத்துக்குத்தான் போகும்.

எக்ஸ்ரே கேம்ப் வந்தபோதும் அப்படித்தான் நின்றார்கள். ஒரு ட்ரஸ்ட் வேன் கொண்டு வந்து நிறுத்தி, நெஞ்சு படம் இலவசமாக எடுத்துத் தந்தது. முதல் நாள் நிலக்கரி யார்டில் வேலை செய்கிற ஆம்பளைகளுக்கு. எங்கள் வரிசையில் வீட்டுக்கு ஒருவர் யார்டுக்குப் போகிறவர். மேஸ்திரி முதலில் நின்றார், அவர் பின்னால் அடுத்த வீட்டுக்காரர், அப்புறம் அடுத்தவர். ஒவ்வொருவருக்கும் வரிசைப்படி ஒரு நம்பர் கொடுத்தார்கள். நடுவில் ஒரு வீடு மட்டும் பூட்டியிருந்தது. சாவுக்காக ஊருக்குப் போயிருந்தார்கள். அந்த வீட்டுக்கு நம்பர் இல்லை. அதற்கடுத்த வீட்டுக்காரன் ஓர் அடி முன்னால் வந்து நின்றுகொண்டான். இதை அன்றைக்கு யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டாம் நாள் பொம்பளைகளுக்கு. நான் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். மேலே போட்டிருக்கிறதைக் கழற்றிவிட்டு ஒரு பச்சை அங்கியைக் கட்டிக்கொண்டு மெஷின் மேல் சாய வேண்டும் என்று சொன்னார்கள். மருமகள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அவள் அந்த ட்ரஸ்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ப்ளஸ் டூ படித்து, அதன் பிறகு கோர்ஸ் ஒன்று முடித்தவள். திருவொற்றியூர் ஆபீசில் உட்கார்ந்து, ஒவ்வொருவருடைய படத்தையும் டாக்டர் எழுதிய ரிப்போர்ட்டையும் அவரவர் நம்பர் உள்ள ஃபோல்டரில் போடுவதுதான் அவள் வேலை. நாம் போனில் அந்த வெப்சைட்டுக்குப் போய் நம்பரும் பாஸ்வேர்டும் போட்டால் நம்முடையது வரும். பெரிய ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் மறுபடி படம் எடுக்கத் தேவையில்லை. ரிப்போர்ட்டில் பெயர் இருக்காது. வெளியாள் கையில் கிடைத்தாலும் யாருடையது என்று தெரியக்கூடாது என்று நம்பரை மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

என் மகனுக்கு நெஞ்சில் வலப்பக்கம் அடியில் நிழல் விழுந்திருந்தது. தூசியில் வேலை செய்யக்கூடாது, மாத்திரை சாப்பிட வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். மகன் மாத்திரை வாங்கிக்கொண்டான். வேலையை விட மாட்டேன் என்றான். யார்டில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரிப் போடுகிற வேலை. ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் எங்கள் தெரு முனை மேஸ்திரி கையில்தான். இருமுகிறவன் ஒருவன் அங்கே விழுந்து செத்தால் அவர் பதில் சொல்ல வேண்டிவரும், அதனால் சீக்கு என்று தெரிந்தால் அடுத்த நாளே கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார். "வூட்ட வுட்டு வெளிய போவக்கூடாது இந்தப் பேச்சு" என்றான் மகன். எங்கள் மூன்று பேருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். நான் கொடியில் காய்ந்த துணியைக் கரித்தூள் போக உதறிக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது வழக்கமில்லை. நான் முந்தானையை இழுத்துக்கொண்டு கதவோரம் ஒதுங்கினேன்.

"யக்கா, தம்பிய கொஞ்ச நாளு வூட்ல இருக்கச் சொல்லு. வலது பக்கம் கீழதான கீது, ஒயுங்கா பாத்தா சரியாப்பூடும்."

குரல் மிருதுவாகத்தான் இருந்தது. கேட் பாஸை நாளைக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். வலது பக்கம், கீழே. அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் இருந்த வார்த்தை.

மகன் வந்ததும் சொன்னேன்.  அவன் மருமகளைத்தான் பார்த்தான். அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சோறு போட்டால் சாப்பிடுவான். தட்டை வாங்கும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

அந்த வாரத்திலேயே எங்கள் வரிசையில் இன்னும் சில பேரை மேஸ்திரி நிறுத்தினார். எல்லாரும் நிழல் விழுந்தவர்கள். தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. ரிப்போர்ட் போடுகிறவள் அவள்தானே, அவள்தான் மேஸ்திரியிடம் விற்றிருக்கிறாள் என்றார்கள். தன் புருஷனையே எப்படிக் காட்டிக்கொடுப்பாள் என்று ஒருத்தி கேட்டதற்கு, எல்லாரையும் சொல்லிவிட்டுப் புருஷனை மட்டும் விட்டால் மாட்டிக்கொள்வாளே, அதற்காகத்தான் என்றாள் இன்னொருத்தி.

எல்லாரிலும் வாய் அதிகம் மீன்காரிக்கு. எங்களுக்குக் கீழே சில வீடு தள்ளி இருப்பவள். காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்பவள். அவள் புருஷனும் யார்டில்தான் வேலை. மருமகள் குடத்தோடு வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு வார்த்தை இருக்கும்.

"வழி வுடுங்கம்மா, டாக்டரம்மா வராங்கோ. இருமிடப் போறீங்கோ, மேஸ்திரிக்குப் போன் பூடும்."

எல்லாரும் சிரிப்பார்கள். மருமகள் குடத்தை வைத்துவிட்டு வந்துவிடுவாள். என்னிடம், "என் புருஷனுக்கு நெஞ்சு கல்லு மாதிரி கீது பெரிம்மா, உன் மருமவ பருப்பு நம்ம வூட்ல வேவாது" என்றாள் ஒரு தரம்.  எனக்குக் கூட்டத்தில் வாய் வராது.

பூட்டியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு இளைஞன் இருக்கிறான். ஷிஃப்ட் இல்லாத நாளில் முகத்துவாரத்தில் இறங்கி கையால் இறால் தடவிப் பிடிக்கிறவன். மூச்சை அடக்கி முங்கினால் எப்போது எழுவான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேஸ்திரி அவனையும் நிறுத்தினார். அவனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தெரு முனையில் நின்று தன் போனைத் திறந்து எல்லாருக்கும் காட்டினான். "நல்லா பாரு மேஸ்திரி, கிளீன்னு போட்டுக்கீது. எவன் சொன்னான் உனுக்கு?" என்று கத்தினான். மேஸ்திரி போனை வாங்கிப் பார்த்தார். நம்பரை மறுபடி பார்த்தார். பிறகு தெருவைக் கீழே கடைசிவரை ஒரு பார்வை பார்த்தார். நாளைக்கு வேலைக்கு வா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இதையெல்லாம் மருமகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலை விட்டு வந்தவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மகன் வீட்டில் இல்லை. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, யாரோ வாயால சொல்லித் தெரிஞ்சிருந்தா பேரு தப்பாது. மேஸ்திரி நம்பர வச்சு எண்ணியிருக்காரு. பூட்டின வூட்டையும் சேத்து எண்ணிட்டாரு."

எனக்குப் புரியவில்லை. அவள் ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்து, என் நம்பரையும் பாஸ்வேர்டையும் போட்டாள். என் முதுகும் நெஞ்சும் திரையில் வந்தன. மேலே நீளமாக இருந்த அட்ரஸ் வரியின் கடைசியில் என் நம்பர் இருந்தது. அதை அழித்துவிட்டு மகனுடைய நம்பரை அடித்தாள். அவன் நெஞ்சு வந்துவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு நம்பர் அடித்தாள், இன்னொரு நெஞ்சு வந்தது.

"உள்ள வர்றதுக்குத்தான் பூட்டு. வந்துட்டா எந்த ரூமுக்கும் போலாம், கதவே இல்ல. வெப்சைட்டு பண்ணவர் அப்படியே வுட்டுட்டுப் போயிட்டாரு."

மேஸ்திரி தன்னுடைய நம்பரில் உள்ளே போயிருக்கிறார். கடைசி எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். பெயர் இல்லாவிட்டால் என்ன, எங்கள் குடவரிசை அவருக்கு மனப்பாடம். இத்தனாவது நம்பர் என்றால் இத்தனாவது வீடு. பூட்டிய வீடு வரைக்கும் கணக்குச் சரியாக வந்தது. அதற்குப் பிறகு நம்பர் ஒன்று தள்ளிப்போனது அவருக்குத் தெரியவில்லை. நிழல் இருந்த ரிப்போர்ட்டை இறால் பிடிக்கிறவனுடையது என்று நினைத்துவிட்டார். உண்மையில் அது அவனுக்கு அடுத்த வீட்டுக்காரருடையது.

அடுத்த வீடு மீன்காரி வீடு.

நான் மருமகள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மனிதருக்கு வந்திருப்பது எங்கள் மகனுடையதைவிட மோசம் என்றாள். டாக்டர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு நாள் ஆபீசுக்கே வந்து, தன் பெண்டாட்டிக்குக் கூடத் தெரியக்கூடாது என்று மருமகளிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், அதுவரைக்கும் வேலை இருக்க வேண்டும் என்றாராம்.

மேஸ்திரிக்குத் தன் கணக்கு எங்கே பிசகியது என்று இந்நேரம் தெரிந்திருக்கும். இன்னொரு தரம் எண்ணினால் மீன்காரி வீட்டில்தான் வந்து நிற்பார்.

மருமகள் டாக்டருக்குப் போன் போட்டாள். வெப்சைட்டை மூடிவிடலாமா என்று அவர் கேட்டார். மூடினால், மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறவர்கள் காட்ட ஒன்றும் இருக்காது. வெப்சைட்டைச் செய்தவர் வெளிநாட்டில் இருக்கிறார். உன்னால் முடிந்தால் நீயே பாரம்மா என்று சொல்லிவிட்டார். கூடவே, இந்த ஓட்டை விஷயம் வெளியே போகக்கூடாது, ட்ரஸ்ட் பெயர் கெட்டுவிடும் என்றும் சொன்னார்.

அவள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். ஒரு ரூல் எழுத வேண்டும் என்றாள். உள்ளே வந்தவர் எந்த நம்பரைக் கேட்டாலும், கேட்டதை மாற்றி, அவர் எந்த நம்பர் சொல்லி வந்தாரோ அந்த ஃபோல்டருக்கே திருப்பிவிடுகிற ரூல். கேட்பதற்கு எளிதாக இருந்தது. எழுதிப் போட்டுத் திறந்தவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் ஒருவர் ரிப்போர்ட் இல்லை. எல்லா நம்பரும் மேலிருந்து கீழே வரைக்கும் வரிசையாக நின்றன, எதைத் தொட்டாலும் திறக்கிற மாதிரி. எழுதினதை அந்த நிமிடமே அழித்தாள். 

"வந்தது யாருன்னு கேக்கறதுக்கு முன்னாடியே ரூல் ஓடிடுச்சு அத்தை. வந்தவரு நம்பரு காலி. காலின்னதும் மொத்தத்தையும் காட்டிடுச்சு."

கூடப் படித்த தோழி ஒருத்திக்குப் போன் செய்து கேட்டாள். ரூலை வாசலில் வைக்காமல், ரிப்போர்ட்டுகள் இருக்கிற இடத்துக்குள்ளேயே வைத்தால், பாஸ்வேர்டு கேட்டு ஆள் யாரென்று தெரிந்த பிறகுதான் அது ஓடும் என்று அவள் சொன்னாளாம். இன்னொன்றும் சொன்னாளாம்: கேட்டது அவர் நம்பரே என்றால் விட்டுவிடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் திருப்பினதையே திருப்பிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். குழம்பு கொதித்து இறங்குகிற வரைக்கும் மருமகள் தலை நிமிரவில்லை. கடைசியில் என் நம்பரில் உள்ளே போய், மகன் நம்பரை அடித்தாள். என் முதுகு வந்தது. மீன்காரி புருஷன் நம்பரை அடித்தாள். என் முதுகுதான் வந்தது. எந்த நம்பருக்கும் நான்தான் வந்தேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவளைச் சாப்பிடச் சொன்னேன். சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மேஸ்திரி வந்தார். மகன் உள்ளே படுத்திருந்தான், தூங்கவில்லை. மருமகள் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா உங்க வெப்சைட்டு பேஜாரு பண்ணுது. எந்த நம்பரு போட்டாலும் என்துதான் வந்துகினு கீது."

"உங்க நம்பர்ல போனா உங்களுதுதாண்ணா வரும். வேற யாருது வரணும்?"

 அவர் செருப்புக் காலால் தரையில் இருந்த கரித்தூளைத் தேய்த்தார். அப்புறம் போய்விட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். மகன் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழுந்துவிட்டது. மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுக்கு சில்லறை கீதா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அவளோடு அவன் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. இருக்கு என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

தெருவில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றான் மகன் அன்று மாலை. மேஸ்திரி எப்படிப் பார்த்தார் என்று எல்லாருக்கும் காட்டுகிறேன் என்றான். காட்ட என்ன இருக்கிறது, ஓட்டையை மூடியாகிவிட்டது, இப்போது யார் திறந்தாலும் அவரவருடையதுதான் வரும். ஓட்டை இருந்தது என்று சொன்னால், இல்லையே என்பார்கள். வேறு ஒரு வழிதான் இருந்தது. இறால் பிடிக்கிறவனை ஏன் தப்பாக நிறுத்தினார் என்று கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், சரியான ஆள் யார் என்று எங்கள் தெருவில் குழந்தை கூட எண்ணிச் சொல்லிவிடும். மருமகள் வேண்டாம் என்றாள். மகன் என்னைப் பார்த்தான். நானும் வேண்டாம் என்றேன்.

அதனால் பேச்சு நிற்கவில்லை. தண்ணீர் வரும் நாளெல்லாம் மீன்காரி ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சனியன் பிடித்தவள், புருஷன் வேலையைத் தின்றவள், கலீஜ் புத்தி என்றெல்லாம். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன். "ஏம்மா, உன் வூட்டுக்காரரு" என்று ஆரம்பித்துவிட்டேன். மருமகள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். விரல் நோகும்படி பிடித்தாள். "இன்னா, என் வூட்டுக்காரருக்கு இன்னா?" என்று மீன்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான், அவரு நல்லா இருக்கணும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

மேஸ்திரி எங்கள் தெரு ஆட்களை அப்புறம் குறைத்துக்கொண்டார். வடக்கே இருந்து வந்த பையன்களை ஷெட்டில் தங்கவைத்து வேலை வாங்குகிறார். அவர்களுக்கு எந்த வேனும் வருவதில்லை. மகன் காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போகிறான். அங்கே தூசி இல்லை, கூலி பாதிதான். நிழல் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். மீன்காரி புருஷன் மட்டும் பெல்ட்டுக்கு அடியிலேயே இருந்தார். அவர் எங்கள் வாசலைத் தாண்டும்போது மருமகளைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்துவிட்டுப் போவார். மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு பகல் மீன்காரி நனைந்துகொண்டே வந்தாள். உள்ளே வரவில்லை. புருஷன் போனை மருமகளிடம் நீட்டினாள்.

"காலைல ரத்தமா துப்புனாரு. இதுல இன்னா கீதுன்னு பாத்து சொல்லு."

மருமகள் அவளைக் கூடத்தில் உட்காரவைத்து, வெப்சைட்டைத் திறந்து கொடுத்தாள். பாஸ்வேர்டு கேம்பில் கொடுத்த அட்டையின் பின்னால் எழுதியிருந்தது. நீயே போட்டுக்கோ என்று மீன்காரி அட்டையை நீட்டினாள். மருமகள் வாங்கவில்லை. "நீங்க போடுங்கக்கா, நான் பாக்கல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீன் செதில் ஒட்டிய விரலால் அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. மருமகள் படித்துத் தமிழில் சொன்னாள்.

"இது எப்ப எட்த்தது?"

"கேம்ப்ல எடுத்ததுதாங்க்கா."

 மீன்காரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனுக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"நான் அத்தினி பேசுனேன். ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இட்டுனு போயி வூட்ல குந்தவச்சிருப்பேனே."

  அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் ரூலை எழுதாமல் விட்டிருந்தால், மேஸ்திரி மறுபடி எண்ணியிருப்பார், அந்த மனிதரை நிறுத்தியிருப்பார், அவர் தூசியை விட்டு வீட்டில் இருந்திருப்பார். இதை நான் நினைக்காத நாள் இல்லை. அவளும் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

ஆட்டோ பிடித்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒவ்வொரு மேஜையிலும் ரிப்போர்ட் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மீன்காரிதான் பாஸ்வேர்டைப் போட்டாள், மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வார்டில் இடம் கிடைத்தது. அவர் திரும்பி வரவில்லை.

ட்ரஸ்டில் ஃபோல்டர்களை அழிப்பதில்லை. அவருடையதும் அங்கேயே இருக்கிறது என்று மருமகள் சொன்னாள். அவர் நம்பரில் வருகிறவருக்கு மட்டும்தான் அது திறக்கும். அட்டை மழையில் ஊறிப் போய்விட்டது, மீன்காரிக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை. புதிதாக ஒன்று போட்டுத் தரட்டுமா என்று மருமகள் போய்க் கேட்டாள். மீன்காரி கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டே, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.